அறக்கட்டளை எங்கள் ஊருக்கு வருகிறது, என்ன கேட்பது? (ராமநாதபுரம் கடற்கரை)

தென்கடல்
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில், கடலை ஒட்டி இருக்கிறது. பெயர் இப்போதைக்கு வேண்டாமே. இருநூறு வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்களுக்குப் பனை, மிளகாய், கரிமூட்டம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன்.

போன வாரம் ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையிலிருந்து நாலு பேர் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வருடம் எங்கள் ஊரில் வேலை செய்யப் போகிறார்களாம். கையோடு ஒரு பட்டியலும் கொண்டுவந்தார்கள்: ஆர்.ஓ. குடிநீர் நிலையம், தையல் பயிற்சி மையம், பாசி வளர்க்கத் தெப்பம், பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் வகுப்பறை. எது முதலில் வேண்டும் என்று ஊர் கூடிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஊர்த்தலைவர், நாங்கள் அம்பலம் என்போம், எனக்குப் போன் போட்டு, "நாலு எழுத்துப் படிச்சவன் நீ, விசாரிச்சுச் சொல்லுப்பா" என்றார்.

என் மனதில் ஆர்.ஓ.தான் இருக்கிறது. எங்கள் அம்மா இன்றைக்கும் குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் தண்ணீர் வாங்குகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 10.15

தம்பி, தையலை முதலிலேயே அடித்துவிடுங்கள். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பன்னிரண்டு மிஷின் வரிசையாக நிற்கிறது. மூன்று மாதப் பயிற்சி, சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் நடந்தது. ஜாக்கெட் தைக்கக் கற்ற இருபத்தைந்து பேரும் யாருக்கு ஜாக்கெட் தைப்பது? ஒருத்திக்கு ஒருத்திதான். ஒரே ஒரு பெண் மட்டும் டவுனில் கடை போட்டாள். அவளுக்கு அதற்கு முன்பே தைக்கத் தெரியும்.

இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் வாழையிலைக் கட்டு வைக்க அந்த மிஷின்கள் வசதியாக இருக்கின்றன.

ஊரணிக்கரை
செவ்வாய், காலை 6.05

அம்மா குடம் வாங்குவதைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்" என்று அரசு ஊழியர்களை மிரட்டுவார்களே, அந்தக் காட்டிலேயே பிறந்து அங்கேயே வேலையும் பார்த்து முடித்தேன். என்னை எங்கே மாற்றுவது!

எங்கள் பக்கத்து ஊருக்கு ஓர் அறக்கட்டளை ஆர்.ஓ. வைத்துக் கொடுத்தது. முதல் வருடம் பிரமாதம், ஐந்து ரூபாய்க்கு ஒரு கேன் தண்ணீர். ஆனால் நம் போர்த் தண்ணீரில் உப்போடு சுண்ணாம்பும் சேர்ந்து வரும். அது உப்பைப் பிரிக்கிற சவ்வில், அதாவது மெம்பரேனில், படிந்து அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது மருந்து விட்டுக் கழுவ வேண்டும், முன்னால் இருக்கும் வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று வருடம் ஓடும், விட்டுவிட்டால் ஒரே வருடம்தான். மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும், வந்து போகிற செலவும் நம் தலையில். அறக்கட்டளையின் மூன்று வருடம் முடிகிற நேரத்தில் மெம்பரேனின் காலமும் முடிந்தது. புதிது வாங்கப் பணம் வேண்டும். ஐந்து ஐந்து ரூபாயாகச் சேர்ந்ததெல்லாம் எங்கே என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. இப்போது அந்த அறையில் பூட்டுத் தொங்குகிறது.

அப்புறம் இன்னொன்று. இறைக்கிற தண்ணீர் முழுவதும் குடிநீராக வராது. ஏறக்குறைய பாதி, முன்பைவிடக் கூடுதல் உப்போடு கழிவாக வெளியே போகும். அதை எங்கே விடுவது என்று திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஊரில் வாய்க்கால் வழியாக நேரே குடிதண்ணீர்க் குளமான ஊரணிக்குள் போனது. நல்ல தண்ணீர் கொடுக்க வந்த மிஷின் நல்ல தண்ணீரைக் கெடுத்தது.

தென்கடல்
செவ்வாய், காலை 8.30

ஐயா, இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை. எங்கள் ஊரிலும் ஒரு ஊரணி இருக்கிறது. முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது, மழை பெய்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை. தாத்தா காலத்தில் அதைத்தான் குடித்தார்களாம். செருப்புக் காலோடு உள்ளே இறங்கினால் அபராதம் போடுவார்கள் என்று அப்பத்தா சொல்லும்.

மரிக்கொழுந்து
செவ்வாய், பகல் 1.20

நான் பாம்பன் பக்கம். பாசி எடுக்கப் போகிறவள். நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதுகிறாள். பெயரைப் பார்த்துப் பூ என்று நினைக்காதீர்கள், மரிக்கொழுந்து என்பது நாங்கள் எடுக்கும் ஒரு பாசி. அது, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, இவைதான் எங்கள் சோறு. அகர் அகர் செய்ய மரிக்கொழுந்து போகும், அதற்குத்தான் விலை.

தெப்பம் கொடுக்கிறோம் என்று வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எந்தப் பாசி? அனேகமாக அவர்கள் சொல்வது பெப்சி பாசியாக இருக்கும். கப்பாஃபைகஸ் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கம்பெனி இங்கே முதலில் வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததால் எங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் தெப்பம், அதில் ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். 45 நாளில் நாலு பங்காகும். ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும் என்பதால் அடியில் வலை கட்ட வேண்டும். அறுத்துக் காயவைத்தால் பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும். கேட்க நன்றாக இருக்கும். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், செய்து நாலு காசு பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2013, 2014-ல் கடல் சூடேறி, பாசி வெள்ளை வெள்ளையாகப் போய் உதிர்ந்து, விதைக்குக்கூட மிஞ்சாமல் உட்கார்ந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

உங்கள் ஊர் தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். அங்கே அந்தப் பாசியே கூடாது.

முன்னாள் களப்பணி
செவ்வாய், மாலை 4.10

அக்கா சொல்வது சரி. இந்த வெளிநாட்டுப் பாசியை வடகடலிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம், மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதியில் கூடாது என்று 2005-லேயே அரசாணை இருக்கிறது. காரணமும் உண்டு. குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கிய இடம் அது. பட்டியல் போட்ட அறக்கட்டளைக்காரர்கள் இதைப் பார்க்கவில்லை என்றால், வேறு ஊருக்குத் தயாரித்த பட்டியலை உங்கள் ஊருக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் ஓர் அறக்கட்டளையில் ஆறு வருடம் களப்பணியாளனாக இருந்தவன். அந்தப் பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆகவே அவர்கள் தர்மப் பிரபுக்களும் இல்லை, ஏமாற்றுக்காரர்களும் இல்லை. செலவழித்தாக வேண்டியவர்கள். மார்ச் நெருங்கினால் அலுவலகத்தில் பிடிக்கும் ஓட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மண்வேலைக்கு அளவெடுத்து, ஊரோடு பேசி, மழை பார்த்து வெட்ட நாளாகும். மிஷினுக்கு ஒரு பில் போதும். பட்டியலில் ஏன் எல்லாமே வாங்குகிற பொருளாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

மூன்று வருடம் என்பதும் சும்மா சொன்னது இல்லை. தொடர்திட்டம் என்றால் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று வருடம்தான் விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருங்கள் என்று கெஞ்சிப் பயனில்லை. 2018-ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் மட்டும் அதில் வந்தன. அதனால் கம்பெனிகளின் கண் நம் பக்கம் திரும்பியது. இவர்கள் போனால் இன்னொருவர் வருவார். அவரும் ஒரு பட்டியலோடுதான் வருவார்.

ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள். 2021-ல் மாற்றிய விதிப்படி இந்தப் பணத்தில் உருவாகும் சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. பதிவுபெற்ற அறக்கட்டளையோ சங்கமோ, பயனாளிகளின் சுய உதவிக் குழுவோ, அரசு அமைப்போதான் அதை வைத்திருக்கலாம். உங்கள் ஊர்ப் பெண்கள் குழுவின் பெயரில் எழுதச் சொல்லுங்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது, கேட்கிறவர்கள்தான் குறைவு.

கணக்குப்பிள்ளை
செவ்வாய், இரவு 7.50

களப்பணி ஐயா, நீங்கள் கொடுத்த பொருளில் எத்தனை இன்றைக்கு ஓடுகிறது? சங்கடப்படுத்தக் கேட்கவில்லை.

முன்னாள் களப்பணி
செவ்வாய், இரவு 8.25

கேளுங்கள், பரவாயில்லை. மீன் காயவைக்கச் சூரிய உலர்த்தி ஆறு வைத்தோம். பாலித்தீன் கூரை போட்ட, கண்ணாடி வீடு மாதிரி ஒன்று. மணல் ஒட்டாத கருவாடு, நல்ல விலை என்று நானே மைக் பிடித்துப் பேசினேன். வியாபாரி மணல் ஒட்டிய கருவாட்டுக்குக் கொடுத்த அதே விலையைத்தான் இதற்கும் கொடுத்தார். பிறகு யார் மெனக்கெடுவார்கள்? வாடைக்காற்றில் கூரை கிழிந்தது. கடைசியாகப் பார்த்தபோது இரண்டில் ஆடு கட்டியிருந்தார்கள். ஆடுகள் சௌக்கியமாக இருந்தன.

நாங்கள் பெரிதாக நினைக்காத ஒன்று மட்டும் இன்னும் ஓடுகிறது. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் பதினெட்டுப் பேருக்கு ஆளுக்கொரு ஐஸ் பெட்டியும், குழுவுக்குச் சுழல்நிதியாகக் கொஞ்சம் பணமும் கொடுத்தோம். விடிகாலை ஏலத்தில் கைக்காசு போட்டு மீன் எடுக்க அந்தப் பணம், சாயங்காலம் வட்டியில்லாமல் திருப்பிவிட வேண்டும். எங்கள் அறிக்கையில் அது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. போட்டோவுக்கு அழகாக இல்லை என்று மேலதிகாரிக்கு அதில் ஆர்வமே இல்லை.

கருவாட்டுக்கடை
புதன், காலை 7.15

ஐஸ் பெட்டிக்கதை நல்ல கதை. அதன் அடியில் இருக்கிற கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் அப்பா ஏலக்காரர். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

வள்ளம் வாங்க, இன்ஜின் வாங்க, வலை வாங்க வியாபாரியிடம்தான் முன்பணம் வாங்குவார்கள். அதற்கு வட்டி கிடையாது. கேட்கவே நன்றாக இருக்கிறதா? பிடிக்கிற மீனை அவருக்குத்தான் போட வேண்டும், விலையும் அவர் வைப்பதுதான், கமிஷனும் உண்டு. நண்டும் கணவாயும் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. அங்கே என்ன விலை என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. முன்பணத்தை முழுக்க அடைத்துவிட்டால் அவர் சுதந்திரமாக வேறு ஆளுக்கு விற்கலாம், ஆனால் பத்து வருடமாக முழுக்க அடைத்தவரை நான் பார்த்தது அபூர்வம். பாதி அடைத்ததும் வலை கிழியும், அல்லது மகளுக்குச் சடங்கு வரும்.

ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் எந்த அறக்கட்டளை வரும்? எங்கள் அப்பா கார் எடுத்துக்கொண்டு போவார். எழுதி வாங்காமல் கையில் ஐயாயிரம் வைப்பார். வங்கி கேட்கிற ஈடு இவர்களிடம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, அந்த 61 நாள் கூலியாட்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் பெரும்பாலும் இந்த முன்பணத்தில்தான். ஆகவே "இடைத்தரகரை ஒழிப்போம்" என்று பேனர் கட்டி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒழித்த மறுநாள் யார் கொடுப்பது?

முன்னாள் களப்பணி
புதன், காலை 9.00

நியாயம். ஆனால் இதற்கு ஒரு வழியைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ் என்பார்கள். கரையில் முதல் ஏலத்தைக் கிராமச் சங்கமே நடத்தும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்குப் பிடிப்பு, ஒரு பங்கு சேமிப்பு, ஒரு பங்கு சங்கச் செலவு, மீதி அன்றைக்கே கையில். மீன் கிடைத்த நாளில்தான் பிடிப்பு, கிடைக்காத நாளில் இல்லை. வங்கித் தவணையிலிருந்து இதுதான் வித்தியாசம். கன்னியாகுமரிக் கரையில் பல ஊர்கள் இப்படித்தான் முன்பணக் கட்டிலிருந்து வெளியே வந்தன.

ஆனால் மூன்று வருடத்தில் இது முளைக்காது. அதற்கு ஏலம் தெரிந்த, ஊர் நம்புகிற ஒரு ஆள் வேண்டும்.

கருவாட்டுக்கடை
புதன், காலை 9.12

ஏலம் தெரிந்த ஆள் என்றால் எங்கள் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

ஓலைக்கொட்டான்
புதன், பகல் 12.40

பனை பட்டியலிலேயே இல்லையே. நாங்கள் பத்துப் பேர் ஓலைப்பெட்டி முடைகிறோம். சொந்த அனுபவத்தில் ஒன்றே ஒன்று. கண்காட்சியில் பார்த்துவிட்டு ஒருவர் ஐந்நூறு பெட்டி கேட்டார். கார்த்திகை மழையில் முடைந்தோம். ஓலை சரியாகக் காயாமல் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்து, பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். பயிற்சி கொடுக்க மூன்று பேர் வந்தார்கள். ஓலை காயவைக்க ஒரு கொட்டகை கேட்டோம், அது "திட்டத்தில் இல்லை" என்றார்கள். முடையத் தெரியாதவர்களா நாங்கள்?

மரிக்கொழுந்து
புதன், மாலை 3.30

கொட்டகை கேட்ட தங்கச்சி சொன்னது என் வாயில் இருந்த வார்த்தை. எங்களுக்கும் வருகிறவர்கள் எல்லாம் "மாற்றுத் தொழில்" என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருக்கிற தொழிலை ஒழுங்காகச் செய்ய விடு என்றுதான் நாங்கள் கேட்பது.

விரலில் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி முங்குவோம். பாறையில் கை கிழியும். தீவு ஓரம் போனால் பூங்கா எல்லை என்பார்கள். எங்களைக் கடலைக் கெடுப்பவர்கள் என்று சொன்னபோது, நாங்களே உட்கார்ந்து கட்டுப்பாடு போட்டுக்கொண்டோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது. இரும்பு வைத்துச் சுரண்டாமல் கையால் பறிப்பது, வேர் பாறையிலேயே இருந்தால்தான் திரும்பத் துளிர்க்கும். மீன் முட்டை விடும் பருவத்தில் 45 நாள் போவதே இல்லை. இதையெல்லாம் எந்த அறக்கட்டளையும் சொல்லித்தரவில்லை. எங்கள் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள், அது இந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான். அதுவரை எங்களைப் பயனாளி என்று எழுதினவர்கள் அதற்கப்புறம் எங்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

தம்பி, உன் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் எங்கே உட்காருவார்கள்?

தென்கடல்
புதன், இரவு 10.05

அக்கா, உண்மையைச் சொன்னால், கூட்டத்துக்கு வருவதே இல்லை. கோயில் திண்ணையில் ஆண்கள் உட்காருவோம். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்பார்கள்.

மரிக்கொழுந்து
வியாழன், காலை 5.50

குடம் தூக்குகிறவள் வாசலில், குடிக்கிறவன் திண்ணையில். நல்ல கூட்டம்.

ஊரணிக்கரை
வியாழன், காலை 6.30

ஊரணியைப் பற்றி விட்ட இடத்தில் தொடங்குகிறேன், இது கொஞ்சம் நீளும்.

நம் மாவட்டத்தின் சராசரி மழை வருடத்துக்கு 827 மில்லிமீட்டர். இது பாலைவனத்து மழை இல்லை. ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், மிச்ச நாளெல்லாம் வெயில். அதனால்தான் முன்னோர் இங்கே ஆற்றை நம்பவில்லை, பிடித்து வைப்பதை நம்பினார்கள். ஆர்.எஸ். மங்கலத்துப் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. விவசாயத்துக்குக் கண்மாய், குடிக்க ஊரணி. உங்கள் பக்கத்துக் கடலில் ஒரு தீவுக்கு நல்லதண்ணி என்றும் இன்னொன்றுக்கு உப்புத்தண்ணி என்றும் பெயர் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மனிதன் குடியில்லாத தீவுக்கும் தண்ணீரை வைத்துத்தான் பெயர்.

இப்போது வேலைக்கு வருவோம். கடற்கரை ஊரணியில் முதல் ஆபத்து ஜேசிபி. ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் கூடும் என்பது உள்நாட்டுக் கணக்கு. இங்கே ஊரணியின் அடியில் ஒரு களிமண் படுகை இருக்கும், அதுதான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற பாத்திரம். அதன் கீழே மணல், மணலில் உப்புநீர். களியைக் குத்தி உடைத்துவிட்டால் மழைத்தண்ணீர் கீழே இறங்கும், கோடையில் உப்புத்தண்ணீர் மேலே வரும். ஒரு ஊரில் மணிக்கணக்குக்கு வண்டி வாடகை என்று ஓட்டுநர் தோண்டித் தள்ளிவிட்டார். அன்றோடு அந்த ஊரணி மாடுகூடக் குடிக்காத தண்ணீர் ஆனது. ஆகவே முதலில் நாலு இடத்தில் கையால் குழி எடுத்து, களி எத்தனை அடியில் தொடங்குகிறது, எத்தனை அடி கனம் என்று பாருங்கள். படிந்த வண்டலை மட்டும் எடுங்கள். அந்த வண்டலை மிளகாய்க் கொல்லைக்குப் போட்டால் முண்டு மிளகாய்க்காரர்கள் வண்டிக்கூலியை அவர்களே கொடுத்து அள்ளிக்கொள்வார்கள்.

இரண்டாவது, இறங்காமல் தண்ணீர் எடுக்கிற ஏற்பாடு. கரையில் ஒரு கிணறு, ஊரணிக்கும் கிணற்றுக்கும் நடுவில் மணலும் கூழாங்கல்லும் அடுக்கிய வடிகட்டி, மேலே கைப்பம்பு. மெம்பரேன் கிடையாது, கரண்ட் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும், அதை ஊர்க் கொத்தனாரே செய்வார். கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நம் மாவட்டத்தில் கண்மாய், ஊரணி வேலைகளை ஊர்ச் சங்கத்தின் கையில் கொடுத்து, ஊர்ப் பங்கும் சேர்த்துச் செய்திருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் போய் அப்படி ஓர் ஊரணியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஊரணியை வைரமாகவே இழைத்தாலும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைத்திருந்தால் அது வெறும் பள்ளம். உங்கள் ஊரணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இடையில் ரோடு போட்டார்களா? யாராவது வேலி போட்டார்களா? அப்பத்தாவைக் கேளுங்கள்.

தென்கடல்
வியாழன், இரவு 11.30

கேட்டேன். வடமேற்கே, கண்மாய் நிரம்பி வழிகிற கலுங்கிலிருந்து ஒரு வாய்க்கால் வந்ததாம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் இப்போது கருவைக்காடு. அந்தக் காட்டை வெட்டித்தான் வருடா வருடம் கரிமூட்டம் போடுகிறார்கள்.

போடுகிறவர் என் சித்தப்பா.

கணக்குப்பிள்ளை
வெள்ளி, காலை 7.00

வாழ்த்துகள் தம்பி. அறக்கட்டளை விவகாரம் முடிந்தது, குடும்ப விவகாரம் தொடங்கியது.

முன்னாள் களப்பணி
வெள்ளி, காலை 8.15

நான் பார்த்த ஊர்களில் பாதியில் இதுதான் நடந்தது. பணம் வெளியிலிருந்து வந்துவிடும், வாய்க்கால் வராது. அறக்கட்டளைக்காரர்கள் இதில் தலையிட மாட்டார்கள், தலையிடவும் கூடாது. அதனால்தான் பிரச்சினை இல்லாத பொருளாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், ஆர்.ஓ. மாதிரி, தையல் மிஷின் மாதிரி. யார் நிலத்தையும் தொடாத பொருள்.

தென்கடல்
திங்கள், இரவு 9.20

நேற்றுக் கூட்டம் நடந்தது. விவரம் சொல்கிறேன்.

மரிக்கொழுந்து அக்கா கேட்டதை அம்பலத்திடம் அப்படியே சொன்னேன். முறைத்தார். அப்புறம் திண்ணைக்குப் பதிலாகப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டத்தை வைத்தார், பெண்கள் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். தையல் என்றதும் என் மதினியே எழுந்து "வேணாம்" என்றது. தெப்பத்தை அரசாணையைச் சொல்லி நானே நிறுத்தினேன். ஸ்மார்ட் வகுப்பறைக்குத் தலைமையாசிரியர், முதலில் கூரை ஒழுகுவதைச் சரிசெய்யட்டும் என்றார். ஆர்.ஓ.வுக்கு இளவட்டங்கள் நிறையப் பேர் கை தூக்கினார்கள். மெம்பரேன் மாற்ற வருடா வருடம் வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டதும் பாதிக் கை இறங்கியது. மீதிப் பேர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். ஊரணி நிரம்ப இரண்டு மழை ஆகும், அதுவரை யார் வீட்டுக் குடத்துக்கு நீ காசு கொடுப்பாய் என்று ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியில் ஊரணி, வடிகட்டிக் கிணறு, மீன் விற்கும் பெண்களுக்குச் சுழல்நிதி, மூன்றையும் எழுதி மகளிர் குழுவின் பெயரில் கொடுப்பது என்று முடிவானது. ஓலைக் கொட்டகையையும் சேர்த்திருக்கிறோம், கிடைத்தால் கிடைக்கட்டும்.

வரத்துக்கால் பேச்சு வந்தபோது சித்தப்பா எழுந்து, அது தன் பட்டா நிலம் என்றார். இல்லை, வாய்க்கால் புறம்போக்கு என்றார் இன்னொருவர். சத்தம் கூடியது. அப்பத்தா பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டே, "உங்கப்பன் அந்த வாய்க்கால்லதான்டா உனக்கு நீச்சல் பழக்கினான்" என்றது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் போய்விட்டார். என்னோடு இன்றுவரை பேசவில்லை.

அறக்கட்டளையில் போனில் பேசினேன். ஊரணி அவர்கள் பட்டியலில் இல்லையாம், மேலே கேட்டுச் சொல்கிறார்களாம்.

ஊரணிக்கரை
செவ்வாய், காலை 5.40

மேலே கேட்கட்டும். அதற்குள் நீங்கள் கிராம வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறதா பாருங்கள், அது தீர்த்துவிடும். பட்டாவாகவே இருந்தாலும் ஆறடி அகலம் போதும். சித்தப்பாவிடம் நிலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கருவையை வெட்டி வேரோடு எடுக்கிற குத்தகையை அவருக்கே கொடுங்கள், கரி அவருக்கு, வாய்க்கால் ஊருக்கு. இந்த ஞாயிறு மட்டம் பார்க்கிற டியூப் லெவலோடு நான் பஸ் ஏறி வருகிறேன். கலுங்கிலிருந்து ஊரணி வரை எத்தனை அடி சரிவு என்று பார்த்துவிடலாம்.

தென்கடல்
செவ்வாய், காலை 6.15

வாருங்கள் ஐயா. ஏர்வாடியில் இறங்குங்கள், பைக்கோடு நிற்கிறேன். சித்தப்பா வீட்டில்தான் காலைச் சாப்பாடு, சித்தி சொல்லிவிட்டது.